மங்கிய சிவப்புப் புள்ளி

அணையப் போகிற ஊதுபத்தியின் நுனி அளவுக்குத்தான் அது சிவந்தது. வீடியோவில் காட்டியவனின் லேசர் டயோடு தீக்குச்சியையே பற்றவைத்தது. தனசேகரின் மேசையில் இருந்ததோ எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி மங்கிக் கிடந்தது.

தனசேகருக்குக் குமாரபாளையத்தில் தறி ஓட்டும் வேலை. மரப்பலகையில் பெயர் பொறித்து விற்கலாம் என்ற ஆசையில் பழைய சிடி ரைட்டரை உடைத்து டயோடை எடுத்து, அதற்கு மின்சாரத்தை அளவாக ஊட்டும் டிரைவர் சர்க்யூட்டையும் தானே ஈயப்பற்று வைத்துச் செய்திருந்தான். போன மாதம் அவன் செய்த முதல் சர்க்யூட் புகைந்தபோது, மனைவியின் அண்ணன் வெங்கடாசலம் சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "எங்க மாப்ள இஞ்சினியரு ஆயிட்டாருங்க" என்றான். அந்தச் சிரிப்பு இன்னும் காதுமடலைச் சுட்டுக்கொண்டிருந்தது. அதனால் இந்த முறை யாரிடமும் சந்தேகம் கேட்கவில்லை. வீடியோக்காரன் கட்டாயம் என்று சொன்ன பாதுகாப்புக் கண்ணாடி வந்துசேரும்வரை காத்திருக்கவும் இல்லை.

பொழுது சாய்ந்து, ஜன்னலை அடைத்த அறையில் ஈயப்பற்றின் புகைவாசம் தேங்கி நிற்க, பக்கத்துச் சந்துத் தறிகளின் தடதடப்பு தரை வழியே ஏறி மேசையை மெல்ல நடுக்கிக்கொண்டிருந்தது. மீட்டர் இருபத்தைந்து மில்லி ஆம்பியர் காட்டியது. போதாது. சர்க்யூட்டில் இருந்த சின்னத் திருகைத் திருப்பிக் கூட்டினான். புள்ளி பிரகாசமாகவில்லை. குனிந்து, டயோடின் முன்னால் பொருத்தியிருந்த லென்சுக்குள்ளேயே பார்த்தான். கிட்டத்துப் பார்வை அவனுக்குக் கொஞ்ச நாளாகவே கலங்கல்.

"அமுதா, இதுக்குள்ள பாத்து, எரியுதான்னு சொல்லு."

அமுதவல்லி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "கண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"எரியவே மாட்டேங்குது. அதுல என்ன ஆவப்போவுது."

அறுந்த இழையை அரை இருட்டிலும் தேடிப்பிடித்து முடிச்சுப் போடுகிற கண்கள் அவளுடையவை. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். பிறகு மறு கண்ணை. அவன் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"இப்ப?"

"அப்படியேதானுங்க இருக்குது."

"இப்ப?"

"இல்லீங்க."

அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

கொஞ்ச நேரத்தில் நூல் கருகும் வாசனை வந்தது. ஈயம் பற்றவைக்கும் கோலைத் தொட்டுப் பார்த்தான். ஆறியிருந்தது. சர்க்யூட்டும் புகையவில்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய அவளுடைய கறுப்புத் துப்பட்டாவிலிருந்துதான் முடி அளவுக்குப் புகை எழுந்தது. நடுவில் ஒரு துளை. அதன் விளிம்பு சிவந்து சிவந்து பெரிதானது.

கைபேசியின் வெளிச்சத்தில் பார்க்கலாமென்று எடுத்தவனின் விரல் கேமராவில் பட்டது. திரையில் லென்ஸ் ஊதாவும் வெள்ளையுமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. கைபேசியைத் தாழ்த்தினான். மங்கிய புள்ளி. உயர்த்தினான். கொதிப்பு.

கண்ணுக்குத் தெரியாத, கேமராவுக்கு மட்டும் தெரிகிற வெளிச்சம்.

மீட்டரை மறுபடி படித்தான். தசமப் புள்ளியைத் தவறான இடத்தில் வைத்துப் படித்திருக்கிறான். இருபத்தைந்து இல்லை. இருநூற்று ஐம்பது. அதுவும் திருகைத் தொடுவதற்கு முன்பு.

பிளக்கைப் பிடுங்கினான். துப்பட்டாவைக் கசக்கி அணைத்து, சுருட்டி, பீரோவுக்கு அடியில் தள்ளினான்.

சாப்பிட உட்கார்ந்தபோது கூடத்தில் டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. அமுதவல்லி கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள்.

"தூசி உழுந்திருச்சாட்டம் இருக்குதுங்க. என்னத்தப் பாத்தாலும் நடுவுல மறைக்குது." பிறகு கேட்டாள், "அது எரிஞ்சுதுங்களா?"

இப்போது சொல்லிவிடலாம். இப்போதே ஈரோட்டுக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம். டாக்டர் எப்படி ஆனது என்று கேட்பார். அப்புறம் வெங்கடாசலம் கேட்பான்.

"இல்ல. சர்க்யூட்டு சரியில்ல."

"போவுதுங்க, உடுங்க." அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, முகவாயைச் சற்றுத் தூக்கினாள். சிரித்தாள். "இப்படித் திரும்புனாத்தானுங்க உங்க மூஞ்சியே தெரியுது."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கழுத்து தெரிந்தது. தாலிக்கயிறு தெரிந்தது. காதோரத்தில் பூ தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

இமைத்தான். திட்டு போகவில்லை. கூரையைப் பார்த்தான். கூடவே வந்தது.

மெல்ல, அவளுக்குத் தெரியாதபடி, எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினான். ஓரக்கண்ணில் அவள் சிரிப்பு வந்து நின்றது.

ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

"போடு."

கரண்டி இறங்கியது. சோறு தட்டைத் தாண்டித் தரையில் விழுந்தது.