பன்னிரண்டாவது ஹேங்கர்

செவ்வாய்க்கிழமை, காலை 7.40. ஏரிக்கரையில் ஓடப் போன பள்ளிக்கூட வாத்தியார், படகுத்துறையின் மரத்தூணில் ஏதோ துணி சிக்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். குனிந்து பார்த்தபோது துணிக்குள் ஆள் இருந்தது. துறையை ஒட்டிய பெஞ்சின் மேல் ஒரு சிவப்புப் பெட்டி, யாரோ ரயிலுக்குக் கிளம்பியதுபோல மூடி வைத்திருந்தது.

செத்தவள் அடுத்த தெரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி. முந்தின நாள் சாயங்காலம் அந்த வீட்டில் நடந்த சண்டை தெரு முழுக்கக் கேட்டிருந்தது. "உன்னைப் பார்க்கவே பிடிக்கல, எங்கயாவது போய்த் தொலை!" என்று புருஷன் கத்தியதை எதிர்வீட்டுக்காரர்கள் வார்த்தை பிசகாமல் போலீசில் ஒப்பித்தார்கள். கத்திவிட்டு அவர் கடைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டார். வீட்டில் இருந்த மூன்றாவது ஆள் அவருடைய அக்காள். "விடியக்காலையில பெட்டியும் கையுமா போனா. ஜன்னல்ல இருந்து பார்த்தேன்" என்றாள் அவள். போலீஸ் அதை எழுதிக்கொண்டது.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை 10.05-க்கு, அந்த வீட்டு வாசலில் மடிப்பம்மா வந்து நின்றாள்.

மடிப்பம்மாவுக்குத் தொழில் அடுத்தவர் வீட்டு அலமாரி. அடைசலைக் கழிப்பாள், மிச்சத்தை மடித்து அடுக்குவாள், கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவாள். சொந்தப் பெயரை ஊர் எப்போதோ மறந்துவிட்டது. ஏழு மாதத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு, இதே அலமாரிக்கு, இப்போது உயிரோடில்லாத அந்தப் பெண் கூப்பிட்டு வந்திருக்கிறாள். இந்த முறை கூப்பிட்டவள் அக்காள்காரி.

"சாயங்காலத்துக்குள்ள அலமாரி காலியாகணும். கழிச்சுக் கட்ட வேண்டியதை நீங்களே கொண்டு போயிடுங்க" என்று அவள் வாசலிலேயே ஆரம்பித்தாள். குட்டையான உருவம். சாம்பல் நிற ஸ்வெட்டரின் கையை இரண்டு மடிப்பு மடித்து ஏற்றிவிட்டிருந்தாள். "நல்லதா இருக்கறதை இங்கயே வெச்சிடுங்க. நான் பார்த்துக்கறேன்."

படுக்கையறையில் கண்ணாடிக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதித்த மனுஷன். இப்போது தன் கண்ணையே திறக்க முடியாதவர்போல இருந்தார். அக்காள் அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்படி உட்கார்ந்தா ஆச்சா தம்பி? நீ சொன்ன வார்த்தைதான் அவளைத் தண்ணிக்குள்ள தள்ளுச்சு. நான் சொல்லல, தெருவே சொல்லுது. இனி இதோடதான் நீ வாழணும்."

அவர் தலையாட்டினார். பன்னிரண்டு நாளாக இதே பேச்சை மூன்று வேளையும் கேட்டுத் தலையாட்டப் பழகிவிட்டார். மடிப்பம்மாவுக்கு நாலு வார்த்தை கேட்கத் தோன்றியது. ஆனால் அடுத்தவர் அலமாரிக்குள் கையை விடலாம், குடும்பத்துக்குள் விடக்கூடாது என்பது அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. அலமாரிக் கதவைத் திறந்தாள்.

சுவர் நீளத்துக்கு ஒரே கம்பி. செத்தவள் நல்ல உயரம் என்பதால் கம்பியைச் சாண் உயரம் ஏற்றி மாட்டச் சொன்னது மடிப்பம்மாதான். இப்போது அவளுக்கே முக்காலி வேண்டியிருந்தது. ஏறி நின்று ஹேங்கர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பன்னிரண்டு ஹேங்கர்கள் காலி. ஓரிடத்தில் மொத்தமாக இல்லை. இங்கே ஒன்று, அங்கே இரண்டு என்று கம்பி முழுக்கச் சிதறியிருந்தன. இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. திரும்ப முதலிலிருந்து எண்ணினாள்.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்து பழுப்புக் கோட்டு ஒன்றை ஹேங்கரோடு உருவினார். காலரில் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு கைபோன போக்கில் கம்பியில் மாட்டினார்.

"அது அவ போடற கோட்டுடா, திருப்பி மாட்டாதே" என்றாள் அக்காள், நிலைப்படியிலிருந்து. "ஒரு வேலையாவது உருப்படியா செய்யத் தெரியுதா உனக்கு?"

அவர் கோட்டைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். எது தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை. மடிப்பம்மா முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

11.20-க்கு வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் சுற்றி வளைத்துப் பேசும் ஆள் இல்லை.

"கிளம்புங்க சார்" என்றார் கண்ணாடிக்காரரிடம். "பெட்டியை மறுபடி பிரிச்சுப் பார்த்தோம். பதினோரு உடுப்பு. ஒண்ணுகூட உங்க மனைவி அளவில்ல. பத்து வருஷத்துக்கு முந்தி போட்டது. பல் துலக்க பிரஷ் இல்ல, உள்ளாடை இல்ல. வீட்டை விட்டுப் போறவ இப்படியா எடுத்து வைப்பா? புருஷன்தான் இப்படி அடுக்குவான். கடையிலேயே படுத்திருந்தேன்னு சொன்னீங்க. அதுக்குச் சாட்சி உங்க கண்ணாடிச் சட்டம் மட்டும்தான்."

"ஐயோ, என் தம்பி..." என்றாள் அக்காள்.

"நீங்க பேசாதீங்கம்மா. பெட்டியோட போனதைப் பார்த்தேன்னு தம்பிக்காகப் பொய் சொன்னீங்க. உங்களை அப்புறம் கவனிக்கறேன்."

அக்காள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவுமில்லை, அழவுமில்லை. சற்று யோசித்தாள். "பெத்த அம்மா மாதிரி வளர்த்தேன் சார், காட்டிக் குடுக்க மனசு வரல. வேற என்ன செய்வேன்?" என்றாள்.

கண்ணாடிக்காரர் அக்காளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை மடிப்பம்மாவால் தாங்க முடியவில்லை. கட்டுப்பாடு எல்லாம் காற்றில் போனது.

"சார், பத்து நிமிஷம் குடுங்க. இவர் அந்தப் பெட்டியை அடுக்கல."

"நீங்க யாரு?"

"அலமாரி அடுக்கறவ. இந்த அலமாரி என் கையால அடுக்கினது." அவள் அக்காள் பக்கம் திரும்பினாள். "தம்பி பொண்டாட்டி அலமாரியை நீங்க எப்பவாவது திறந்ததுண்டா?"

"நான் ஏன் திறக்கறேன்? என்னைத் தொட விடமாட்டா."

"நான் இதை எப்படி அடுக்கினேன்னு தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? கதவைச் சாத்திக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் என்னமோ பண்ணினீங்க."

"சரி. சார், நீங்க சொல்லுங்க" என்று கண்ணாடிக்காரரிடம் வந்தாள். "உங்க மனைவி வழக்கமா போடற உடுப்பு நாலு சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். "ஒரு... பச்சை..." என்றார்.

"இந்த அலமாரியில பச்சையே இல்ல சார்."

அவர் முகம் செத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மடிப்பம்மா அவரை அலமாரிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை இதுதான். எல்லா ஹேங்கரையும் திருப்பி, கொக்கியோட வாய் நம்மளைப் பார்க்கற மாதிரி மாட்டிடுவேன். ஒண்ணை எடுத்து உடுத்தினா, துவைச்சு மாட்டும்போது கொக்கியோட வாய் சுவரைப் பார்க்கணும். ஏழு மாசம் கழிச்சு வருவேன். அப்பவும் திருப்பினபடியே தொங்கறது எதுவோ, அது வேண்டாதது. வெளிய போகணும். இதை வீட்டுக்காரிகிட்ட மட்டும், கதவைச் சாத்திக்கிட்டுத்தான் சொல்வேன். இல்லாட்டி ஆளாளுக்குத் திருப்பி வெச்சு விளையாடுவாங்க. இப்பக் காலியா இருக்கற ஹேங்கரைப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை வைத்துக்கொண்டு போனார். பதினொன்றில் நின்றார். பதினோரு கொக்கிகளும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பெட்டியில பதினொண்ணு, இங்க பதினொண்ணு. எல்லாம் அவ ஏழு மாசமா தொடாதது. விவரம் தெரியாத புருஷன் அடுக்கியிருந்தா இந்த ஓரத்துல இருந்து ஒரு கொத்து அள்ளியிருப்பார். கலந்துகட்டி வந்திருக்கும். இது கம்பி முழுக்கத் தேடித் தேடி, வேண்டாததை மட்டும் பொறுக்கியிருக்கு. விதி தெரிஞ்ச கை."

"இவருக்கும் தெரிஞ்சிருக்கலாமே? தெரியாத மாதிரி நடிக்கலாமே?"

"நீங்க வர்றதுக்கு முன்னாடி இவர் ஒரு கோட்டை எடுத்தார், தப்பா மாட்டினார். அப்ப இவரைச் சோதிக்க யாரும் இல்ல. ஆனா ஒரு குரல் மட்டும் உடனே அதட்டுச்சு. 'அது அவ போடற கோட்டு, திருப்பி மாட்டாதே'ன்னு."

அக்காளின் கை தானாக ஸ்வெட்டர் மடிப்பை இறக்கிவிட்டது; விரல்கள் உள்ளே மறைந்தன.

"இன்னும் ஒண்ணு இருக்கு சார்" என்றாள் மடிப்பம்மா. "பன்னிரண்டாவது காலி ஹேங்கர். அது மட்டும் சுவரைப் பார்த்து நேரா இருக்கு. அவ ஆசையா போட்டுக்கிட்டிருந்தது. பெட்டியில இல்ல. உயரமானவளோட ஸ்வெட்டர். குட்டையானவங்க போட்டா கையை ரெண்டு மடிப்பு மடிக்கணும்."

இன்ஸ்பெக்டர் அக்காளைப் பார்த்தார். "காலையில நீங்களும் அவங்களும் ஏரிக்கு நடக்கப் போறது வழக்கமா?"

அக்காள் நிதானமாக, அடுப்படிக் கணக்குச் சொல்பவள்போலச் சொன்னாள்.

"தள்ளினேன். ஒரு தள்ளுதான். நீச்சல் தெரியாது அவளுக்கு. வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கிக் கொண்டு போய் வெச்சேன். சண்டை போட்டுட்டுப் போனான்ல, அவன் சொன்னபடியே அவ போய்த் தொலைஞ்சான்னு எல்லாரும் நம்புவாங்கன்னு நினைச்சேன்."

"ஏன்க்கா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஏனா? என் ரூமைக் காலி பண்ணி அவளுக்குத் தையல் மிஷின் போடணுமாம். ஒருநாள் காலையில என் கதவுப் பிடியில ஒரு ஹேங்கர் தொங்குச்சு. கொக்கியைத் திருப்பி மாட்டியிருந்தா. என்னடி இதுன்னு கேட்டேன். சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அர்த்தம் சொன்னா. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல அதை உன்கிட்டயும் சொன்னா. நீ தட்டைப் பார்த்துக்கிட்டே 'ம்'னே."

கண்ணாடிக்காரருக்கு அது ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"நல்லதையும் பெட்டியில போட்டிருந்தா யாருக்கும் சந்தேகம் வந்திருக்காதே" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நல்ல துணிங்க சார்" என்றாள் அக்காள். "போலீசுக்குத் தாரை வார்க்க மனசு வருமா?"

12.10-க்கு ஜீப் கிளம்பியது. இன்ஸ்பெக்டர் கிளம்பும் முன் கண்ணாடிக்காரரின் தோளில் கை வைத்தார். "நீங்க வீட்டுல இருங்க சார். உங்க மனைவி என்ன போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா இப்ப நீங்கதான் ஜீப்புல இருப்பீங்க." ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் போன பிறகு அந்த வார்த்தை அறையிலேயே கிடந்தது.

மடிப்பம்மா முக்காலியை மடக்கினாள். தான் சொல்லிக் கொடுத்த விதி ஒரு கதவுப் பிடி வரைக்கும் போய்த் தொங்கியிருக்கிறது. இனி எந்த வீட்டிலும் ஹேங்கரைத் திருப்பி மாட்டுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள்.

கண்ணாடிக்காரர் அலமாரிக்கு முன்னால் நின்றார். நேராக மாட்டியிருந்த ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். முதன்முறையாகப் பார்க்கிறவர்போலத்தான் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் என்கிட்ட வெச்சுக்கறேம்மா" என்றார். "இதுல அவளுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

மடிப்பம்மாவுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. கோட்டைக் காட்டியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். எதைக் காட்டினாலும் நம்பியிருப்பார். அதனாலேயே சொல்ல முடியவில்லை.

"அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்தான் சார்" என்றாள். "உங்க அக்கா அதைப் போட்டுக்கிட்டுத்தான் ஜீப்புல ஏறினாங்க."