உறிஞ்சும் சத்தம்

அமைச்சகத்துப் பெந்தன்கூர் ஒரு தடவைகூட மாத்தே தேநீரை உறிஞ்சவில்லை என்பது ஒஃபேலியாவுக்கு இருபது நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்காமல் மொந்தேவிதேயோ தெருவில் இறங்காத மனிதர் அவர். தொலைபேசியில்கூட வாக்கியத்துக்கு ஒரு தரம் குழலை உறிஞ்சுவார்.

"முதல்ல கம்பெனிக்காரங்க சாவியோட வரட்டும், நோட்டரியம்மா. நான் ஆபீஸ்லதான் இருக்கேன்." சுவர் ஒலிபெருக்கியில் அவர் குரல்.

"அரசாங்கம் வராம நாங்க எப்படிம்மா வர்றது?" அதே ஒலிபெருக்கியில் கம்பெனியின் பரேலா. "நாளைக்குப் பழி எங்க தலையில விழும்."

"ரெண்டு பேரும் சேர்ந்தே வந்து தொலைங்களேன்! நானென்ன கல்யாணத்துக்கா கூப்பிடறேன்? மணி நாலே முக்கால்!"

அமைச்சகமும் கம்பெனியும் சேர்ந்து நிறுவிய, மனிதர் எவரையும்விட அறிவு மிகுந்த அந்த இயந்திரம், தன் சூட்டைத் தணித்துக்கொள்ள மூன்று மாதமாக ஆற்றை இழுத்துக்கொண்டிருந்தது. ஆறு வற்றிக் கடல்நீர் ஏறி, ஊர்க் குழாய்களில் உப்புநீர். யார் பொறுப்பு என்று கேட்டால் அமைச்சகம் கம்பெனியைக் காட்டியது, கம்பெனி அமைச்சகத்தைக் காட்டியது. கடைசியில் ஒரு நீதிபதி உத்தரவிட்டார்: இன்று ஐந்து மணிக்குள், நோட்டரி முன்னிலையில், இருவரும் தத்தம் சாவியைத் திருப்பி அதை நிறுத்த வேண்டும். தவறினால் உத்தரவு செல்லாது. ஒஃபேலியா மூன்று மணிக்கே மசியும் முத்திரையுமாக மாடியிலிருந்த சாவி அறைக்கு வந்துவிட்டாள். சுவரில் இரண்டு சாவித் துளைகள். சுவருக்கு அப்பால் ஓயாத முனகல், சூடேறிய பிளாஸ்டிக் வாடை, எங்கோ குழாய்களுக்குள் கடகடவென்று விழுங்கப்படும் தண்ணீர்.

"அவர் வந்தா நான் வரேன், நோட்டரியம்மா."

"அவர் வரட்டும்மா, நான் வரேன்."

இருவரும் வாக்கியத்தின் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள். ஒரே அளவு.

எழுந்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள்.

கீழே முற்றத்தில், குளிர்கால வெயிலில், ஒரே பெஞ்சில் பெந்தன்கூரும் பரேலாவும் உட்கார்ந்திருந்தார்கள். பரேலாவின் மடியில் இரண்டு சாவிகள். பெந்தன்கூர் குடுவையிலிருந்து மாத்தேக் கோப்பையில் வெந்நீர் ஊற்றி நீட்ட, பரேலா வாங்கிக் குழலில் வாய் வைத்தார்.

"நாங்க மட்டும் மாட்டிக்கணுமாம்மா?" என்றது பரேலாவின் குரல், அவள் முதுகுக்குப் பின்னால்.

கதவுக்கு ஓடினாள். மின்பூட்டு. திறக்கவில்லை.

திரும்ப ஜன்னல். கண்ணாடியை அறைந்தாள். தடித்த கண்ணாடி. கீழே யாரும் நிமிரவில்லை.

பெந்தன்கூர் தன் போனைக் காதில் வைத்தார். கேட்டார். முகம் மலர்ந்தது.

ஒலிபெருக்கியில் இப்போது ஒரு பெண் குரல். களைப்பான, எரிச்சலான குரல். அவளுடையதேதான், ஆனால் பேசியது அவள் இல்லை.

"கீழே காத்திருந்தது போதும், இனி மேலே வர வேணாம் சார். நீதிபதி உத்தரவை வாபஸ் வாங்கிட்டாரு. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"பொய்! சார், பொய்!"

பரேலா சிரித்தபடி சாவிகளைப் பைக்குள் போட்டார். இருவரும் தழுவிக்கொண்டார்கள். நடந்தார்கள்.

வாசலில் பெந்தன்கூர் திரும்பி நிமிர்ந்தார். கண்ணாடியில் அவளுடைய இரண்டு உள்ளங்கைகள். விடைகொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் போலும். குடுவையைக் கக்கத்தில் இடுக்கி, கையை உயர்த்தி அசைத்தார்.

அவளுக்குப் பின்னால், ஒலிபெருக்கியில், முதல்முறையாக, நிதானமாக, குழலில் ஒரு நீண்ட உறிஞ்சல்.