அலமாரிக்குப் பின்னால்

அலமாரி நான்கு விரல் நகர்ந்திருந்தது.

சக்கரம் வைத்த அந்தக் கனத்த அலமாரி எப்போதும் சுவரோரம் நிற்கும். இன்று பலகை அறையின் கதவை நோக்கிச் சற்றே வந்திருந்தது. குளோரிபெல் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். கையில் எலுமிச்சை மணக்கும் தைலத்தின் வாடை ஒட்டிக்கொண்டது. அந்தத் தைலத்தைத் தேய்த்தவள் இந்த வீட்டில் இப்போது இல்லை.

வளைகுடா நகரத்தின் சத்வா பகுதியில் அந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவள் குளோரிபெல். கூடத்தின் பாதியைப் பலகையால் அடைத்து, ஜன்னலில்லாத ஓர் அறை உண்டாக்கி, தன் நாட்டுப் பெண்கள் ஐந்து பேருக்குக் கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விட்டிருந்தாள். சட்டப்படி அது கூடாது. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அலமாரியை உருட்டி அந்தக் கதவை மறைத்துவிடுவாள்.

போன ஆகஸ்டில் அப்படித்தான் மறைத்தாள். உள்ளே, அங்கே குடியிருந்தவர்களில் ஒருத்தி, இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த நெரிஸ்ஸா.

"மூச்சுகூட விடாதடி" என்றாள் குளோரிபெல். சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று ஏசியையும் ரிமோட்டால் நிறுத்தினாள். அதிகாரிகள் போன பிறகு கதவைத் திறந்திருக்கலாம். ஆனால் முந்தின நாள்தான் நெரிஸ்ஸா, "இப்படி ஆடுமாடு மாதிரி அடைச்சு வச்சீங்கன்னா நானே போய்ச் சொல்லிருவேன் அக்கா" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தாள். திமிர். கொஞ்ச நேரம் வேகட்டும் என்று குளோரிபெல் தேவாலயத்துக்கு, வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டாள். படியிறங்கும்போது பலகையில் தட்டும் சத்தம் கேட்டது. தட்டட்டும் என்று போனாள்.

மாலையில் திறந்தாள். நெரிஸ்ஸாவின் நகங்கள் பிய்ந்திருந்தன. நெஞ்சுவலி என்று எல்லோரையும் நம்பவைத்தாள். சவப்பெட்டி விமானத்தில் ஊர் போனது.

இன்றும் வெள்ளிக்கிழமை. பெண்கள் எல்லோரும் பூசைக்குப் போயிருந்தார்கள். வெளியே வெயில் நெருப்பாக இறங்கியது. மேசையில் இருந்த போன் அடித்தது. காவலாளி மொஃபிஸ்.

"மேடம், செக்கிங் வந்துட்டாங்க. மூணாவது மாடிக்குத்தான் ஏறுறாங்க."

போனை ரிமோட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, கூடத்தில் கிடந்த செருப்புகளையும் துண்டுகளையும் வாரிக்கொண்டு பலகை அறைக்குள் ஓடினாள். ஏசி சில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் எல்லாவற்றையும் வீசிவிட்டுத் திரும்பினாள்.

சக்கரங்கள் உருண்டன. நிதானமாக. கதவு சாத்திக்கொண்டது.

தள்ளினாள். அசையவில்லை.

அழைப்புமணி. யாரோ போய் வாசல் கதவைத் திறக்கும் சத்தம்.

"இங்க எத்தன பேர் இருக்கீங்க?" ஓர் ஆணின் குரல்.

"நான் மட்டும்தான் சார்."

அது குளோரிபெல்லின் குரல். அந்தக் குழைவு, அந்தச் சிரிப்பு, எல்லாம் அவளுடையதே.

உள்ளே நின்றவள் கதவில் காதை வைத்தாள். கத்த வாயெடுத்தாள். கத்தினால் அறை தெரிந்துவிடும். அபராதம். வேலை போகும். நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். சொந்த ஊரான செபுவில் மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு. உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பூட்ஸ் சத்தம் அலமாரிவரை வந்தது, நின்றது, திரும்பியது.

வாசல் கதவு சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகுதான் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். பலகையை அறைந்தாள். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. கதவின் அடிப்பக்கம் முழுக்கப் பிறாண்டல். ஒரு பிளவில் உடைந்த நகம்.

"நெரிஸ்ஸா... தங்கச்சி... தொறந்துவிடும்மா..."

பலகைக்கு அந்தப் பக்கம், காதுக்கு வெகு அருகில், எலுமிச்சைத் தைலத்தின் வாடை.

"மூச்சுகூட விடாதீங்க அக்கா."

பீப் என்று ஒரு சத்தம்.

ஏசியின் மடல் மெல்லத் தாழ்ந்தது. காற்று நின்றது. விளக்கு அணைந்தது.

வெளியே, பூசைக்குக் கிளம்புகிறவளின் குதிகால் செருப்பு படியிறங்கிப் போனது.