வெறும் வாய்

காலையில் மெஷின் வாயிலிருந்து கட்டையை எடுத்தபோது ஆப்பு எங்கே நின்றதோ, அங்கே இப்போது இல்லை. ஒரு சாண் முன்னால் வந்திருந்தது. கஞ்சி குடித்த கிண்ணத்தைக் கழுவக் கொல்லைப்பக்கம் வந்த அகஸ்டின், கிண்ணமும் கையுமாக அப்படியே நின்றான்.

வந்தால் என்ன, சரிவில் நிறுத்தினால் இரும்பு நகராதா என்பீர்கள். நகரும். ஆனால் சாந்தோம் சந்திலிருந்த அவன் வீட்டுக் கொல்லை சிமெண்டுத் தரை, ரசமட்டம் வைத்து அவனே பூசியது. மெஷினிலிருந்து பெட்ரோலை இறக்கியாயிற்று. பிளக்கைக் கழற்றியாயிற்று. ஆப்பு மாட்டிய தண்டைத் தள்ளுவதே எண்ணெயின் அழுத்தம்தான். அந்த எண்ணெய் மொத்தமும் சுவரோரம் பேசினில் கறுப்பாகக் கிடந்தது. கிழிந்த ஆயில் சீலுக்குப் பதில் வாங்கிவந்த புது சீல் ஜன்னல் திட்டில் காத்திருந்தது. நாளைக்குத்தான் மாட்டவேண்டும். இன்று பெரிய வெள்ளி, ஸ்பானரைத் தொடக்கூடாது.

விறகு பிளக்கும் மெஷின் அது. எந்த நாட்டிலிருந்தோ கப்பலில் வந்து, துறைமுக ஏலத்தில் விறகுத்தொட்டி சுயம்புலிங்கத்திடம் மாட்டியது. ஒரு பக்கம் அசையாத இரும்புத் தட்டு, எதிர்ப்பக்கம் தண்டின் நுனியில் ஆப்பு. நடுவில் வைத்தால் எப்பேர்ப்பட்ட புளியங்கட்டையையும் வெண்ணெயாக இரண்டாக்கும். எழுபத்து நாலாம் வருஷக் கோடை, மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நிற்கிறது, விறகு வியாபாரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதற்குள் எண்ணெய் கசிந்து படுத்துக்கொண்டது. ராயப்பேட்டை லேத் பட்டறையில் கைராசிக்காரன் என்று பேர் வாங்கிய அகஸ்டினின் வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

இறக்கும்போது ஒன்று சொன்னார்.

"வேலைய நீரு எப்படி வேணாலும் பாரும். அதோட வாயில மட்டும் எப்பவும் ஒரு கட்டை கெடக்கணும். வெறும் வாயா விட்டுராதீரும்."

"ஏன் அண்ணாச்சி?"

"ஏன்னு எனக்குந் தெரியாது. ஏலத்துல எடுத்தப்பவே கட்டை சொருகித்தான் கெடந்துச்சு. நாங்களும் கடை பூட்டுறப்ப ஒண்ணை வச்சுட்டுத்தான் போவோம். அவ்வளவுதான்."

அவர் சிரிக்கவில்லை. அகஸ்டின்தான் சிரித்தான். ஆனாலும் பெரியவர் சொல்லைத் தட்டுவானேன் என்று கட்டையை அப்படியே விட்டிருந்தான்.

இன்று காலை கிளாடிஸ்தான் ஆரம்பித்தாள். கிளாடிஸ் அவன் மனைவி, கான்வென்டில் தையல் டீச்சர். பீடத்துணி ஓரத்தில் அவள் போடும் பூவேலையைப் பார்க்க அபிராமபுரத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். அந்த விரல்களைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று வெட்கமில்லாமல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன்.

"ஆண்டவரை மரத்துல வெச்சி அடிச்ச நாளு. இன்னிக்கிப் போய் மரத்து மேல இரும்பு குத்திக்கினு நிக்கலாமா? பாக்கவே ஒரு மாதிரி கீது. அந்தக் கட்டைய எடுத்துப் போடுங்க."

நியாயம்தானே! அந்த வீட்டில் பெரிய வெள்ளியன்று சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். எடுத்துப் போட்டான். மத்தியானம் அவள் கோயிலுக்குக் கிளம்பினாள். பின்னாடியே வருவதாகச் சொன்னான்.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சாக்கட்டி எடுத்து ஆப்புக்கு முன்னால் ஒரு கோடு போட்டான். குந்தி உட்கார்ந்து பார்த்தான். வெயில் மங்கி, கடற்காற்று நின்று, பேசினிலிருந்து கருகிய எண்ணெய் நாற்றமும் புளியங்கட்டையின் பச்சை வாடையும் கலந்து தொண்டையில் இறங்க, சந்து முழுக்கக் கோயிலுக்குப் போய்விட்டதால் ஒரு ரேடியோ இல்லை, ஒரு பாத்திரம் உருளும் சத்தம் இல்லை, இன்று மணியும் அடிக்கமாட்டார்கள். ஆப்பு நகரவில்லை. போடா பயந்தாங்கொள்ளி என்று தன்னையே திட்டிக்கொண்டு வியர்வையைத் துடைத்தான். துடைத்துவிட்டுப் பார்த்தால், கோடு ஆப்புக்கு அடியில் போயிருந்தது.

துள்ளி எழுந்தான். கட்டையை வைத்துவிடவேண்டும், அவ்வளவுதானே? ஆண்டவர் மன்னிப்பார். கட்டையைத் தூக்கி வந்து, வலது கையால் அணைத்துத் தட்டோரமாக உள்ளே இறக்கினான்.

கட்டை நழுவிக் கீழே உருண்டது. கை மட்டும் வரவில்லை.

எதிலும் சிக்கவில்லை. சட்டைக்கை மாட்டவில்லை. புறங்கை தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தான். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள், அப்படித்தான் இருந்தது. காலை நீட்டினான், கட்டை எட்டவில்லை.

"யாராவது வாங்களேன்! ஐயோ, யாராவது!"

தூரத்தில் கோயிலில் மணிக்குப் பதிலாகத் தட்டும் மரக்கட்டையின் சத்தம் லொட லொடவென்று கேட்டு அடங்கியது. ஆப்பு இப்போது ஒளிந்து நகரவில்லை. கண்ணெதிரிலேயே வந்தது. ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விரற்கடை. அவன் சொன்னான். மறுபடியும் சொன்னான். பாதியில் மறந்துபோனது.

தெருக்கதவு திறந்தது.

"இன்னாங்க, கோயிலுக்கு வரேன்னுட்டு இங்க இன்னா பண்ணிக்கினு..."

முக்காடு நழுவக் கிளாடிஸ் ஓடிவந்தாள்.

"கட்டை! அந்தக் கட்டைய எடுத்து நடுவுல வை!"

"கட்டையாவது மண்ணாவது!" ஆப்பு அவன் உள்ளங்கைக்கு மூன்று விரல் தூரத்தில் இருந்தது. அவள் இரண்டு கையையும் உள்ளே விட்டாள். அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள்.

விட்டுவிட்டது. அகஸ்டின் பின்னால் போய் எண்ணெய்ப் பேசினில் விழுந்தான். கையை விரித்தான், மடக்கினான். ஒரு கீறல் இல்லை. போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்புக்கூட வந்தது.

"கிளாடிஸ், வந்துட்டுது பாரு!"

அவள் திரும்பவில்லை. குனிந்தபடியே நின்றாள்.

"என்னை வுட மாட்டேங்குதுங்க."

பாய்ந்து கட்டையைத் தூக்கினான். நுழைக்க இடம் இல்லை. ஆப்பைக் கட்டிப்பிடித்துப் பின்னால் இழுத்தான். எண்ணெய்க் கை வழுக்கியது. காலை உதைத்து இழுத்தான். வழுக்கியது.

"இன்னாங்க." மெதுவாகத்தான் கூப்பிட்டாள். "இன்னாங்க."

அவன் பார்த்தான். பத்து விரலும் செபத்துக்குக் கூப்பினாற்போல் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டின் நடுவில் நின்றன. ஆப்பின் கூர், இரண்டு உள்ளங்கைகளும் சேரும் அந்தக் கோட்டுக்கு நேராக வந்துகொண்டிருந்தது.