ஓக் மரத்துக் காவல்காரி

அரபு நாட்டில், அல் ஐன் ஊர்த் தோட்டத்தில் ஜெஸ்மிக்கு ரொம்பப் பிடித்தது ஓக் மரம்தான். எல்லாரும் அர்பாப் என்று கூப்பிடும் முதலாளி, அதை லெபனான் மலையிலிருந்து கன்றாகக் கொண்டுவந்திருந்தார். கொதிக்கிற இந்த மண்ணில் அது பிழைத்ததே பெரிய விஷயம்! "கெட்டிக்கார மரம்" என்று தினமும் தட்டிக்கொடுப்பாள் ஜெஸ்மி.

பக்கத்திலே ஆடுகளுக்குத் தீவனமான குதிரைமசால் வயல். அதில் திட்டுத்திட்டாக மஞ்சள் விழுந்தது. தோட்டத்தில் பாசன வேலை பார்க்கும் ஜெஸ்மியின் அப்பா பத்திநாதன் ஒரு செடியைப் பிடுங்கினார். வேர் கறுத்து நாறியது.

"வேரழுகல், மக்களே" என்றார் மகளிடம்.

சில நாளில் ஓக் இலைகளும் வாடின. அப்பாவின் முகமும் வாடியது.

"இதுக்கும் வந்திருந்தா வெட்டித்தான் போடணும். அர்பாப் தாங்க மாட்டாரு."

ஜெஸ்மிக்கு அழுகை முட்டியது.

அப்போது நர்ஸ் டியூட்டி முடிந்து அம்மா லீமா வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கை கழுவினாள்.

"ஆஸ்பத்திரியிலே கழுவலையாம்மா?"

"ஒவ்வொரு நோயாளியத் தொட்டதும் கழுவுவேன். இல்லேன்னா ஒருத்தர் சீக்கை நானே அடுத்தவருக்குக் கொண்டுபோயிருவேனே!"

ஜெஸ்மி வெளியே ஓடினாள். வயலில் மிஞ்சிய தண்ணீர், அப்பா வெட்டிய வாய்க்கால் வழியே மரத்தடிக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா! சீக்கு வயல் தண்ணியத்தான் மரம் குடிக்குது!"

"ஒரு சொட்டும் வீணாகக் கூடாதுன்னு நான் ஆசையா வெட்டின வாய்க்கால்லா அது!" என்றார் அப்பா. மரத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார். பிறகு மண்ணைத் தள்ளி அதை அடைத்தார்.

ஜெஸ்மி மண்வெட்டியைத் தேய்த்துக் கழுவினாள். மரத்தைச் சுற்றிக் கல் அடுக்கினாள். கல்லுக்கு உள்ளே, வயல் மண் ஒட்டும் செருப்புக்கு அனுமதி இல்லை. அரிசி கழுவிய தண்ணீரை வீட்டிலிருந்து சுமந்துவந்து ஊற்றினாள். அம்மா அரிசியை இரண்டு தடவை அதிகமாகவே கழுவினாள்.

ஒரு காலை, கிளை நுனியில் புதுத் துளிர்!

அன்றைக்கே அர்பாப் வந்தார். வயல் சேற்றை மிதித்தபடி நேராக மரத்தை நோக்கி நடந்தார். ஜெஸ்மி கைகளை விரித்துக் குறுக்கே நின்றாள்.

"அர்பாப், செருப்பு!" என்று கண்ணால் அவர் காலைக் காட்டினாள்.

அப்பா பதறி ஓடிவந்தார். அர்பாப் அவளைப் பார்த்தார். கல் வட்டத்தைப் பார்த்தார். துளிரையும் பார்த்தார்.

"அச்சா, டாக்டர்!" என்று குனிந்து செருப்பைக் கழற்றினார்.