கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

சோல்ஃப்ரிட்டின் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நண்பகல். எங்கள் வடகோடிக் கடற்கரையில் சூரியன் எட்டிப் பார்க்காத மாதம் அது, அதனால் நண்பகலும் இருட்டாகத்தான் இருந்தது. படகுத்துறைக்கு மேலே தன்னந்தனியாக நிற்கும் அந்த வீட்டில் ஒரே ஒரு சன்னலில் விளக்கு எரிந்தது. கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியில் ஏறினேன். மீன் காயப்போடும் மரச்சட்டங்கள் காலியாகக் கிடந்தன. அவற்றின் நடுவே காற்று நுழைந்து போகும் சத்தம் யாரோ சிரமப்பட்டு மூச்சு விடுவதுபோல் கேட்டது.

அவள் கணவன் ஊட்முண்ட் என் நண்பன். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் படகெடுத்துப் போனவன் திரும்பவில்லை. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. எனக்கு இருந்தது அந்த ஒரு நண்பன்தான். அவன் போன பிறகு என் கணினி பழுதுபார்க்கும் கடைக்கு யாரும் சும்மா வந்து உட்காருவதில்லை.

சோல்ஃப்ரிட் காபி ஊற்றினாள். தட்டில் ரொட்டியும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் இருந்தன. இரண்டு கோப்பை போதும், ஆனால் பழக்க தோஷத்தில் மூன்று வைத்திருந்தாள். நான் பார்த்ததும் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தாள்.

கடலைப் பார்த்த அறையில்தான் அவனுடைய பழைய கணினி இருந்தது. பக்கத்தில் இருந்த ரேடியோவில் படகிலிருந்து வரும் ஒவ்வொரு பேச்சையும் அது தானாகப் பதிந்து வைக்கும். உப்புக்காற்று அதன் உள்பலகையைத் தின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அதிலிருந்த பதிவுகளை என் கடையில் புதிய விண்டோஸில் திறந்து பார்த்தேன், வெறும் இரைச்சல். அவற்றைப் பதிந்த நிரல் பழைய விண்டோஸில்தான் வாய் திறக்கும்.

எதற்காக இவ்வளவு பாடு என்று அதுவரை நான் கேட்கவில்லை. அன்று அவளே சொன்னாள்.

"அன்னைக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை, ஐலிஃப். இந்த வீட்ட வித்துட்டு மக கிட்டப் போயிடலாம்னு சொன்னேன். அவர் கதவ அறைஞ்சு சாத்திட்டுக் கடலுக்குப் போனார். நான் ரேடியோ சத்தத்த அடியோட குறைச்சுட்டேன்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவர் கையில இருந்தது சின்ன ரேடியோ. இந்த வீட்டத் தாண்டி வேற யாருக்கும் கேட்டிருக்காது. கூப்பிட்டாரா இல்லையா, அது ஒண்ணு எனக்குத் தெரியணும். தெரியாம என்னால தூங்க முடியல."

பாவம், வேறென்ன சொல்வது. வேலையைத் தொடங்கினேன்.

நான் கொண்டுபோன கணினி பழையதுதான், ஆனால் அந்த விண்டோஸ் அதைவிடப் பழையது. அதன் நிறுவும் சிடியைப் போட்டால், உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை என்று சாதிக்கும். டிஸ்க் குத்துக்கல்லாக அங்கேதான் இருக்கும். அதோடு பேசுவதற்கான டிரைவர் என்ற சிறு நிரல் அந்தச் சிடியில் இல்லை, அவ்வளவுதான். சில கணினிகளில் டிஸ்க்கைப் பழைய முறையில் ஓடவைக்க ஒரு வழி இருக்கும், இதில் அதுவும் இல்லை. ஊட்முண்டாக இருந்தால் நிறுவல் தொடங்கியதும் எஃப்-ஆறு விசையைத் தட்டி, ஃப்ளாப்பியிலிருந்து டிரைவரைக் கொடுப்பான். நான் டிரைவரைச் சிடிக்குள்ளேயே சேர்த்துப் புதிதாக எழுதிவிடுவேன். அதற்காக என்னைச் சோம்பேறி என்று வாய்க்கு வாய் கிண்டல் செய்வான்.

சோல்ஃப்ரிட் இதைக் கேட்டுவிட்டு யோசித்தாள்.

"அப்ப இருக்கிறது எப்பவும் இருந்துகிட்டுத்தான் இருக்கு. பாக்கறதுக்குத்தான் வழியில்ல."

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க," என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிறுவும்போது தகவல் உள்ள டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மாட்டியபடியே விட்டு, தவறான டிஸ்க்கை அழித்துத் தலையில் கைவைத்து உட்காராதவர் எங்களில் யாரும் இல்லை. ஊட்முண்டின் டிஸ்க்கைக் கம்பளிக் காலுறை ஒன்றின்மேல் மேசையில் வைத்தேன். அதில் ஒரு கம்பிகூட மாட்டியிருக்கவில்லை. கணினிக்குள் இருந்தது நான் வாங்கிவந்த வெற்று டிஸ்க் மட்டும்.

சிடி சுழன்றது. திரை நீலமானது. வேறு டிரைவர் வேண்டுமானால் எஃப்-ஆறை அழுத்து என்ற வரி கீழே வந்தது. டிரைவர் என் சிடியிலேயே இருந்ததால் விசையைத் தொடாமல் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

அறை மூலையில் கர்ரக், கர்ரக் என்று ஒரு சத்தம் வந்தது.

ஃப்ளாப்பி படிக்கும் சத்தம். நாற்பது வயது தாண்டிய யாருக்கும் அது மறக்காது. ஆனால் நான் கொண்டுவந்த கணினியில் ஃப்ளாப்பியே கிடையாது. சத்தம் வந்தது மூலையில் கிடந்த பழைய கணினியிலிருந்து. அதன் குடலையெல்லாம் போன வாரமே உருவியிருந்தேன். மின்கம்பி சுவரில் மாட்டாமல் தரையில் சுருண்டு கிடந்தது.

சோல்ஃப்ரிட் திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர்தான்," என்று மெதுவாகச் சொன்னாள்.

காற்றாக இருக்கும் என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. டீசலும் ஈரக்கயிறும் கலந்த வாடை அறையில் பரவியது. அது ஊட்முண்டின் மேல்சட்டை வாடை.

எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் பட்டியல் திரையில் வந்தது. முதல் வரியில் என் வெற்று டிஸ்க். அதன் கீழே இன்னொன்று.

அதன் பெயர் ஊட்முண்ட்.

அவன் தன் டிஸ்க்குக்கு வைத்திருந்த பெயர் அது. நான் காலுறையைப் பார்த்தேன். டிஸ்க் அங்கேயேதான் கிடந்தது.

பழைய விண்டோஸ் ஒன்று அதில் இருக்கிறது, அதை மீட்டெடுக்க ஆர் விசையை அழுத்து என்றது திரை. மீட்பது என்றால் என்ன என்று அவள் கேட்டாள். எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் கையைப் பிடிப்பதற்குள் அவள் ஆரை அழுத்திவிட்டாள்.

காலுறைமேல் கிடந்த டிஸ்க் சுழலத் தொடங்கியது.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே எதுவோ நடுங்கியது. கணினியை அணைத்துவிடலாம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மின்கம்பியருகே போன என் கை திரும்பிவிட்டது. இரண்டு வருடமாகத் தூங்காத கண்கள் அவை. நாங்கள் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்து, கோப்புகளை அது ஒவ்வொன்றாகப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காபி ஆறிப்போனது.

கடைசியில் அவனுடைய திரை வந்தது. சிவப்புப் படகுப் படம், ஓரத்தில் பதிவு நிரல். அந்த நாளுக்கு ஒரே ஒரு பதிவு இருந்தது. அவளே அதைத் திறந்தாள்.

முதலில் அலை. பிறகு அவன் குரல், மிகவும் சோர்ந்து.

"சோல்ஃப்ரிட். இருக்கியா?"

கூப்பிட்டிருக்கிறான். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இடைவெளி விட்டு மறுபடி கேட்டான், மறுபடியும். கோபமே இல்லை. வாசல் விளக்கைப் போடச் சொல்லும் குரல்தான்.

பிறகு அலைச்சத்தம் மட்டும் நீண்டது. சோல்ஃப்ரிட் கைநீட்டி ரேடியோவின் ஒலிவாங்கியை எடுத்தாள். ரேடியோவுக்கு மின்சாரம் நின்று எத்தனையோ மாதம் ஆகிறது.

"இருக்கேன். இங்கதான் இருக்கேன்."

அலை நின்றது.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றான் அவன்.

நான் சட்டென்று சுவரிலிருந்து மின்கம்பியைப் பிடுங்கினேன். கணினி அணைந்தது. குரல் அணையவில்லை. இங்கே குளிருது என்றது. அவள் நாற்காலியை அதன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ கிளம்பு ஐலிஃப் என்றாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது, அவன் போன பிறகு அன்றுதான்.

கிளம்பிவிட்டேன். வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை தெரியவில்லை. கடைக்கு வந்ததும் அந்தச் சிடியை நான்காக உடைத்துக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு அவள் வீட்டுப் பக்கம் காரை நிறுத்தவில்லை. சாலையில் போகும்போது கடல் பக்கத்து அறையில் விளக்கு தெரியும். நன்றாகத்தான் இருக்கிறாள் என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

மே மாதம் மீன் ஆலையிலிருந்து அழைத்தார்கள். எடைபோடும் எந்திரத்தின் கணினி படுத்துவிட்டது, அதற்கும் அதே பழைய விண்டோஸ்தான் வேண்டும். சிடியை உடைத்தேனே தவிர, அதை எழுதப் பயன்படுத்திய கோப்புகள் என் கணினியில் அப்படியே இருந்தன. ஒவ்வொரு முறையும் மூலச் சிடியிலிருந்து புதிதாகத் தொடங்கவேண்டும் என்பது பாலபாடம். இருந்தும் அந்தக் கோப்புகளிலிருந்தே இன்னொன்று எழுதிக்கொண்டேன். சோம்பேறி என்று அவன் சொன்னது சும்மா இல்லை.

ஆலையில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எந்திரங்கள் நின்ற கூடத்தில் நான் ஒருவன்தான்.

சிடி சுழன்றது. நீலத் திரை. பட்டியல்.

முதல் வரியில் ஆலையின் டிஸ்க். அதன் கீழே, ஊட்முண்ட்.

அதற்கும் கீழே, சோல்ஃப்ரிட்.

அவளை அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடல் பக்கத்து அறையில் விளக்கு எரிவதை முந்தின நாள்கூடப் பார்த்தேனே என்று நினைத்தேன். அவள் வாசல் படியில் மிதிபடாத பழைய பனி கிடந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அழைப்பைத் துண்டித்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். இரண்டு பெயர்களுக்கும் அடியில் கடைசியாக ஒரு வரி இருந்தது. காலி இடம், இன்னும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை.

விசைப்பலகையை நான் தொடவே இல்லை. தேர்வைக் காட்டும் வெள்ளைப் பட்டை முதல் வரியிலிருந்து மெல்ல இறங்கி, அவனைத் தாண்டி, அவளைத் தாண்டி, அந்தக் காலி இடத்தில் வந்து நின்றது.

டீசலும் ஈரக்கயிறும் கலந்த வாடை வந்தது. கூடவே, இப்போதுதான் போட்ட காபியின் மணம்.