கதவு வரைக்கும் வருகிறவன்

கொல்லயில் ஊரில் தங்கை ஷைனா வாடகைக்கு இருந்த வீட்டுக்கு ஜேனட் போய்ச் சேரும்போது சாயங்கால மழை பிடித்துக்கொண்டது. தூக்குப்பாத்திரத்தில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் கொண்டுபோயிருந்தாள். உள்ளே டி.வி. கேமின் சன்னமான இசை. ஈரத்துணியும் உப்பும் கலந்த வாடை.

பொழியூர்க் கடலில் வள்ளம் கவிழ்ந்து ஷைனாவின் புருஷன் சகாயதாஸ் போனதிலிருந்து இதே கதைதான். கூடப் போனவர்களின் உடல்கள் கரை ஒதுங்கின. அவன் ஒதுங்கவில்லை. தொழில் இல்லாத மழைக்காலத்துக்கென்று அவன் வாங்கிய கேமை அவள் விடாமல் ஓடவிட்டிருந்தாள். ஆட்டத்தை அல்ல, அதன் தொடக்கத்தை மட்டும்.

இருபுறமும் தென்னை. நமக்கு முதுகைக் காட்டியபடி ஒருவன் ஒரு வீட்டை நோக்கி நடப்பான். கதவைத் தட்டக் கையைத் தூக்குவான். அதோடு திரை இருண்டு, மறுபடி முதலிலிருந்து வரும். பொத்தானை அழுத்தினால்தான் ஆட்டம். மற்ற கேம்களெல்லாம் எடுத்த எடுப்பிலேயே சுடச் சொல்லும். இந்தப் பாழாய்ப்போனதோ ஒரு முதுகையும் மூடிய கதவையும் காட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அவன் யார், அது எவர் வீடு என்று ஒரு வார்த்தை கிடையாது. பார்க்கிறவர்கள் தாங்களே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவளுக்கு அது போதாதா?

"எடீ, ஒருவாய் தின்னு."

"சத்தம் போடாதேக்கா. அவரு வாறாரு."

"அது பொம்மையாக்கும் மக்கா."

"இடதுகாலை இழுத்து நடக்குறதப் பாரு. அவரு நடைதான். நீங்க யாரும் அவருக்குக் கோயில்ல ஆத்மாப் பூசை மட்டும் வச்சிராதீங்க. மரிச்சவருன்னு ஆக்கிட்டா பின்ன எப்பிடி வருவாரு?"

ஜேனட் தூக்குப்பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சொல்லித்தானே ஆகவேண்டும்? தங்கை கண்ணெதிரே எலும்பாகிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னைக்குக் காலம்பற பூசை முடிஞ்சாச்சு மோளே. நான்தான் வைக்கச் சொன்னேன்."

ஷைனா அழவில்லை. திரையையே பார்த்தாள்.

அப்போது வழக்கமான பவர்கட். விளக்கு அணைந்தது.

டி.வி. அணையவில்லை.

கதவருகே தூக்கிய கை, மெல்ல இறங்கியது.

அவன் திரும்பினான்.

முகம் இல்லை.

ஒரு கணம் நின்றான். பிறகு இடதுகாலை இழுத்துக்கொண்டு திரையின் ஓரமாக வெளியே போனான்.

"போவாதீங்க!" ஷைனா எழுந்து மழைக்குள் ஓடினாள். ஜேனட் பின்னாலேயே பாய்ந்தாள். முற்றத்தில் யாரும் இல்லை. சேற்றில் ஒரு காலடிகூட இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஜேனட் மட்டும் தனியே நனைந்து நடுங்கித் திரும்பி வந்தாள்.

திரையில் இரண்டு முதுகுகள்.

ஒருத்தி நைட்டியில், தோளில் துண்டோடு.

"அக்கா," இசைக்கு அடியிலிருந்து கிசுகிசுப்பு வந்தது. "எனக்கும் பூசை வச்சிராதே."

அதன்பிறகு எவ்வளவு தேடியும் ஷைனாவின் உடலும் கிடைக்கவில்லை. பூசைக்கு நாள் குறிக்கச் சொல்லி அம்மா அழுது தீர்க்கிறாள். ஜேனட் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள். டி.வி.யின் வயரை அறுத்து, தன் வீட்டு மச்சில் ஏற்றிச் சாக்கைப் போட்டு மூடிவிட்டாள்.

சாயங்காலமானால் மச்சிலிருந்து அந்த இசை இறங்கி வருகிறது.